பங்களாப் புல்தரைக்குக் கீழே

இது நீண்ட பதிவு. பிளேன்டி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன கச்சான் காலத்தில் தரம் 10 வரலாறு வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரோடு நாங்கள் ஒரு தோட்டத்துப் பங்களாவுக்குப் போனோம். எந்தத் தோட்டம் என்று இங்கே எழுதப் போவதில்லை. அனுமதி தரும்போதே துரை கேட்டுக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். பெயரை எழுதினால் அடுத்த வாரமே நடுச்சாமத்தில் தேசிக்காயும் மண்வெட்டியுமாகப் புதையல்காரர்கள் வந்து நிற்பார்கள் என்றார். நம்மூர் நிலவரம் தெரிந்த யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். லுணுகலையிலும் மடுல்சீமையிலும் பசறையிலும் இப்படிப் பழைய பங்களாக்கள் நிறைய உண்டு. உங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ளதை நினைத்துக்கொண்டு வாசித்தாலும் பிழையில்லை.

பங்களாவைப் பார்க்கத்தான் போகிறோம் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். கணப்படுப்பு, உயரமான கதவு, துரையின் பழைய குளியல் தொட்டி எல்லாம் காட்டுவோம் என்ற ஆசை அவர்களுக்கு. நாங்கள் அவர்களை உள்ளே கூட்டிப்போகவில்லை. முன்பக்கத்துப் புல்தரையின் ஓரத்தில் உட்கார வைத்து, பின்னேரம் நாலரை மணி வரை காத்திருக்கச் சொன்னோம். ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

நாலரைக்குப் பிறகு வெயில் சாய்ந்தது. உச்சி வெயிலில் மேசை மாதிரி தட்டையாகத் தெரிந்த நிலம் சாய்ந்த வெயிலில் அப்படியிருக்கவில்லை. புல்தரைக்குக் கீழே சரிவில் வளைந்து வளைந்து போகும் மூன்று வரம்புகள், ஒவ்வொன்றும் முழங்காலுக்கும் குறைவான உயரம். அவற்றுக்கு மேற்கே நீள்சதுரமாக ஒரு மேடை. அதற்கும் அப்பால், மானாப்புல்லுக்குள் இறங்கி மறையும் ஆழமான ஒரு பள்ளம். நிழல் விழுந்ததும் எல்லாமே தானாக எழுந்து வந்தன. அதுவரை கைபேசிக்குள் இருந்த பையன் ஒருவன், "சேர், இது முந்தியே இருந்ததா?" என்று கேட்டான்.

இருந்தது. நாம்தான் பார்க்கவில்லை.

இப்படி நிலத்தைப் பார்ப்பது ஒரு தனிக் கலை. அதை அதிகம் வளர்த்தவர்கள், நம் மலைகளில் பங்களா கட்டியவர்களின் ஊரான இங்கிலாந்தில்தான் இருக்கிறார்கள். அங்கே பெரிய பிரபுக்களின் மாளிகைகளைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஏக்கரில் பூங்கா இருக்கும். பச்சைப் புல், அங்கங்கே ஒரு மரம், மேயும் ஆடு, மான். இயற்கையே அப்படித்தான் என்று தோன்றும். உண்மையில் அது மனிதர்கள் செய்த நிலம்.

டார்பிஷயரில் உள்ள சட்ஸ்வேர்த் மாளிகையை எடுத்துக்கொள்வோம். டெவன்ஷயர் பிரபுக்களின் வீடு அது. 2018 கோடையில் அங்கே கடும் வெயில். மாளிகையின் தெற்குப் புல்தரை காய்ந்தபோது, 1699இல் அமைத்துப் பிறகு புல்லால் மூடிவிட்ட ஒரு பூந்தோட்டத்தின் பாத்திகளும் நடைபாதைகளும் வரைபடம் வரைந்ததுபோல மேலே தெரிந்தன. மந்திரம் ஒன்றுமில்லை. அடியில் கல்லோ இறுகிய மண்ணோ இருந்தால் புல் முதலில் காயும். பழைய பள்ளம் தூர்ந்த இடத்தில் ஈரம் நிற்கும், அங்கே புல் பச்சையாகவே இருக்கும். நம் கச்சான் காற்று ஆடி, ஆவணியில் செய்வதும் இதைத்தான்.

சட்ஸ்வேர்த் பூங்காவில் இன்னொன்றும் உண்டு. புல்லுக்கடியில் அலை அலையாக ஓடும் நீண்ட மேடு பள்ளங்கள். மத்திய காலத்துக் குடியானவர்கள் எருது பூட்டி, ஒரே கீற்றில் தலைமுறை தலைமுறையாக ஒரே பக்கம் மண்ணைத் தள்ளி உழுததால் உண்டான தடங்கள் அவை. 1760களில் 'கேபபிலிட்டி' பிரவுண் என்ற தோட்டக் கலைஞர் அந்தப் பக்கத்தையெல்லாம் பூங்காவாக்கினார். பிறகு 1838க்கும் 1842க்கும் இடையில் ஆறாவது டெவன்ஷயர் பிரபு, மாளிகைக்கு எதிரே மிச்சமிருந்த எடென்சர் என்ற கிராமத்தையே பெயர்த்து, பார்வைக்கு மறைவான இடத்தில் புதிதாகக் கட்டினார். கட்டும் வேலையில் முன்னின்றவர் அவருடைய தோட்ட அதிகாரி ஜோசப் பக்ஸ்டன். இன்று சுப்பர் மார்க்கட்டில் வாங்கும் கவண்டிஷ் வாழைக்குப் பெயர் வந்ததும் இந்தக் குடும்பத்திலிருந்துதான். அதை அங்கே கண்ணாடி வீட்டில் வளர்த்தவரும் இதே பக்ஸ்டன்தான்.

இதில் விசித்திரம் என்னவென்றால், ஏழைகளின் வயலையும் ஊரையும் அழித்த அதே பூங்காதான் அவற்றின் தடத்தைக் காப்பாற்றியும் வைத்தது. வெளியே இருந்த வயல்களைப் பின்னாளில் இயந்திரக் கலப்பைகள் உழுது தட்டையாக்கிவிட்டன. பிரபுவின் பூங்காவுக்குள் கலப்பை வரவில்லை. ஆகவே எழுதத் தெரியாத குடியானவனின் கையெழுத்து பிரபுவின் புல்லுக்கடியில் பத்திரமாகக் கிடந்தது.

நம் மலையிலும் அதே கதைதான். தேயிலை நட்ட இடமெல்லாம் கிளறப்பட்டது, கான் வெட்டப்பட்டது. பங்களாவைச் சுற்றிய பத்துப் பதினைந்து ஏக்கரில் மட்டும் தேயிலை நடவில்லை. துரையின் அழகுக்காக விட்ட இடம் அது. பழைய நிலம் ஏதாவது மிச்சம் இருந்தால் அங்கேதான் இருக்கும் என்று நினைத்துத்தான் பிள்ளைகளைக் கூட்டிப்போனோம்.

இனி அந்த மூன்று வரம்புகளுக்கு வருவோம். கோப்பி காயப்போடுகிற களமா, வயல் வரம்பா என்று முதலில் பிள்ளைகளுக்குள் வாக்குவாதம். களம் என்றால் நேராக, மட்டமாக இருக்க வேண்டும். இவை மலையின் வளைவைப் பிடித்துக்கொண்டு போகின்றன. மேல் வரம்புக்கும் மேலே, ஓடைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு சிறிய வாய்க்காலின் தடத்தை ஒரு பிள்ளை கண்டுபிடித்தாள். தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால், அதற்குக் கீழே படிப்படியாக வரம்பு. இது வயல்தான். ஒரு சிங்களக் கிராமத்தின் வயல். பங்களாவுக்கு முந்தியது, தேயிலைக்கு முந்தியது, கோப்பிக்கும் முந்தியது.

அந்தக் கிராமம் எங்கே போனது?

லுணுகலையிலிருந்து பிபிலைக்கு இறங்கும் றோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும், கீழே விரிந்து கிடப்பது வெல்லஸ்ஸ. இலட்சம் வயல் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். 1817இல் அங்கே தொடங்கிய கிளர்ச்சியைப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தில் முடித்துவிடுகிறோம். அதன் தொடக்கத்தில் நம் சமூகத்தவர் ஒருவரும் இருக்கிறார் என்பதை வகுப்பில் சொல்ல நாமே கொஞ்சம் தயங்குகிறோம். கண்டி இராச்சியத்தில் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கு 'மடிகே' என்று ஒரு பிரிவு இருந்தது. அதில் பெரும்பாலும் சோனகர்கள்தான் இருந்தார்கள். ஆங்கிலேயர் வெல்லஸ்ஸ மடிகேக்கு ஹஜ்ஜி மரிக்கார் என்பவரை முஹந்திரமாக நியமித்தார்கள். அதனால் தங்கள் அதிகாரம் குறைகிறது என்று அப்பகுதித் தலைவர்கள் கொதித்தார்கள். ஏற்கெனவே இருந்த பல மனக்குறைகளோடு இதுவும் சேர்ந்தது. 1817 செப்டம்பரில் பதுளையிலிருந்த ஆங்கிலேய அதிகாரி வில்சன் வெல்லஸ்ஸவில் அம்பு பாய்ந்து இறந்தார். ஹஜ்ஜி மரிக்காரும் கிளர்ச்சியாளர்களிடம் பிடிபட்டு உயிரிழந்தார். அவரை வீரராகவும் ஆக்க வேண்டாம், துரோகியாகவும் ஆக்க வேண்டாம். வெள்ளைக்காரன் கொடுத்த பதவியை ஏற்றுக்கொண்ட ஒரு வியாபாரி அவர். அதே பதவிகளை மற்றச் சமூகத்தவர்களும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

கிளர்ச்சியை அடக்க அனுப்பிய கெப்பெட்டிபொல திசாவையே கிளர்ச்சியாளர் பக்கம் சேர்ந்தார். அதற்குப் பிறகு ஆளுநர் பிரவுண்ரிக்கின் படை செய்தது போர் மட்டுமல்ல. ஊரை எரிப்பது, நெல்லை அழிப்பது, மாடுகளைப் பிடிப்பது ஆகியவையும் போர் முறையாயின. 1818 நவம்பரில் கெப்பெட்டிபொலவின் தலை வெட்டப்பட்டபோது ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் உழ ஆளில்லாத வயல்கள் நிறைய இருந்தன.

அதற்கு 22 ஆண்டுகள் கழித்து இன்னொரு அடி. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம், வேறு யாருக்காவது உரியது என்று நிரூபிக்கும் வரை முடிக்கு உரியது என்று அது சொன்னது. கண்டிப் பகுதியில் சேனை நிலமும் அப்படியே. எழுத்தில் உறுதி உள்ளவன் பிழைத்தான். எரிந்துபோன ஊரில் யார் உறுதி வைத்திருப்பான்? அரச நிலத்தை முதலில் ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு விற்றார்கள். 1844இல் ஆகக் குறைந்த விலையை ஒரு பவுணாக உயர்த்தினார்கள். கோப்பித் துரைமார் வந்தார்கள்.

ஆக, பிள்ளைகள் பார்த்த அந்த மூன்று வரம்புகளும் ஒரு உறுதிப்பத்திரம்தான், மண்ணில் எழுதியது. கச்சேரியில் காட்ட முடியாதது.

நீள்சதுர மேடைக்கு அதிகம் எழுத ஒன்றுமில்லை. அது கோப்பிக் களம். மேலே புல் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. அடியில் தரை இறுகிப்போயிருப்பதால் அங்கே கச்சான் முதலில் கடிக்கிறது. ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறோம். இலங்கையின் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் இந்தத் தீவில் முதன்முதலில் கண்ணில் பட்டது 1869இல், நமக்குப் பக்கத்து மடுல்சீமையில் ஒரு தோட்டத்தில். அதன் மாதிரியைப் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் அதிபர் துவைட்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்பினார். அதே ஆண்டு அந்தப் பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். இருபது வருடத்துக்குள் கோப்பித் தொழில் சாய்ந்தது, தேயிலை வந்தது. உலகத்து விவசாய வரலாற்றில் மடுல்சீமை என்ற பெயர் இருப்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது பள்ளம். எங்களை அதிக நேரம் பிடித்து வைத்தது அதுதான்.

ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆழம், இரண்டு பேர் பக்கம் பக்கமாக நடக்கக்கூடிய அகலம். மழை வெள்ளம் அரித்த ஓடை என்று நாங்கள் எழுதிக்கொண்டோம். பக்கத்தில் விறகு கட்டிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். எண்பதைத் தாண்டியவர்.

"ஓடன்னா நேரா கீழ எறங்கும்ல சேர்? இது பாருங்க, சுத்திச் சுத்தி மேல ஏறுது. இது மாட்டுத் தடம். மழ வெட்டல, கொளம்பு வெட்டுனது. எங்க தாத்தா சொல்லுவாரு."

"ஐயா, யாருடைய மாடு?" என்று கேட்டோம்.

"ஒங்க ஆளுங்க மாடுதான்!" என்றார். பிள்ளைகள் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சொன்னது சரி. தண்ணீர் இறங்குவதற்குச் சுருக்கு வழி தேடும். சுமை தூக்கிய மாடு ஏறுவதற்குச் சுலபமான வழி தேடும். இரண்டும் வேறு வேறு கோடுகள். வண்டி றோட்டுகள் வருவதற்கு முன் இந்த மலைகளில் சரக்கு ஏறியதும் இறங்கியதும் தவளத்தில்தான், அதாவது முதுகில் பொதி சுமந்த மாட்டுக் கூட்டத்தில். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே வரும், மேலேயிருந்து பாக்கும் நெல்லும் கீழே போகும். அந்தத் தவளங்களை ஓட்டியவர்களில் பலர் சோனகர். சிங்களத்தில் லுணு என்றால் உப்பு, கல என்றால் கல். ஊரின் பெயருக்குள்ளேயே தவளத்துச் சரக்கு ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

நம் வீடுகளில், 'வாப்பாவுடைய வாப்பா மாட்டுப் பொதியோடு வந்தவர்' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். காட்ட ஒரு கடிதமில்லை, படமில்லை. இந்தப் பள்ளம் இருக்கிறது. எத்தனை ஆயிரம் குளம்புகள் பட்டிருந்தால் மண் அவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கும்?

பிள்ளைகளுக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்தோம். எது எதை வெட்டுகிறதோ, அது பிந்தியது. இந்த ஒரு விதி போதும், தோண்டாமலே வரலாறு எழுதலாம். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். தேயிலை மலையின் கான் ஒன்று வந்து மாட்டுத் தடத்தைக் குறுக்கே வெட்டுகிறது. ஆகவே தடம் முந்தியது, கான் பிந்தியது. மாட்டுத் தடமோ கீழ் வயல் வரம்பைச் சுற்றி வளைந்து போகிறது, அதை உடைக்கவில்லை. வயல் இருக்கும்போதே தடமும் இருந்திருக்கிறது. மாட்டுக்காரர் வயல்காரரின் வரம்பை மதித்திருக்கிறார். பங்களாவுக்கு வரும் வண்டிப்பாதை எதையும் மதிக்கவில்லை. வயலையும் தடத்தையும் வெட்டிக்கொண்டு நேராகப் போய் வாசலில் நிற்கிறது.

கான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேயிலை மலையில் பிறந்தவர்களுக்கு அது சாதாரண விஷயம், வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. மலைச்சரிவில் மழைத் தண்ணீர் நேராக இறங்கினால் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே சரிவுக்குக் குறுக்கே, மெல்லிய சாய்வோடு கான் வெட்டி, தண்ணீரைப் பக்கவாட்டில் மெதுவாக நடத்திக்கொண்டுபோய் ஓடையில் விட வேண்டும். இடையிடையே மண்ணைப் பிடித்து வைக்கக் குழி. சாய்வு கூடினால் கான் அரிக்கும், குறைந்தால் தண்ணீர் தேங்கி உடைக்கும். இதைத் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளிகள் மண்வெட்டியால் வெட்டினார்கள், மலை மலையாக. தூண், கோபுரம் என்றால் தொல்லியல் என்கிறோம். நூறு வருடம் தண்ணீரை ஒழுங்காக நடத்திய ஒரு கானை யாரும் அப்படிச் சொல்வதில்லை. எங்கள் பார்வையில் அது பாதித் தூண்களைவிடப் பெரிய வேலை.

அன்று மாலை எல்லாவற்றையும்விட நல்ல கேள்வியைக் கேட்டவள் லயத்திலிருந்து வரும் ஒரு மாணவி. எல்லோரும் வரம்பையும் தடத்தையும் வரைந்துகொண்டிருக்க, அவள் புல்தரையின் நடுவில் நின்று மலையைப் பார்த்தாள், கீழே பார்த்தாள்.

"சேர், மலையை வெட்டித்தானே இந்தத் தரையைச் சமமாக்கியிருக்காங்க. வெட்டின மண்ணு எங்க போச்சு?"

நாங்கள் யோசித்தே இருக்கவில்லை. ஹப்புத்தளையில் அடிசம் பங்களாவுக்குச் சுற்றுலா போகாத பாடசாலை ஊவாவில் குறைவு. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டி முடித்து, இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள தன் ஊர்ப் பெயரை வைத்த கருங்கல் மாளிகை அது. இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். எத்தனை முறை போயிருப்போம், ரோஜாவைப் பார்ப்போம், ஜாம் போத்தல் வாங்குவோம், திரும்பிவிடுவோம். இந்தச் சரிவில் இவ்வளவு சமதரை எப்படி வந்தது, அந்த மண்ணை யார் சுமந்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

விளிம்புக்குப் போய்ப் பார்த்தோம். மண் அங்கேதான் இருந்தது. புல்தரை முடியும் இடத்திலிருந்து விசிறி விரித்ததுபோலக் கீழே ஒரு பெரிய மேடு. கூடை கூடையாகக் கொட்டிய மண். அதன்மேல் ஒரு நீண்ட தட்டை. தட்டையின் ஓரத்தில் ஒரு கறிவேப்பிலை மரம், இரண்டு முருங்கை, ஒரு மருதாணிச் செடி. அவை காட்டு மரங்கள் அல்ல, யாரோ வாசலில் வைத்தவை. இங்கிலாந்தில் காஞ்சொறி அடர்த்தியாக வளர்ந்த இடத்தில் பழைய வீடு இருந்திருக்கும் என்று தேடுவார்களாம். நம்மிடம் அதற்குக் கறிவேப்பிலை. அந்தத் தட்டையில் ஒரு லயம் இருந்தது, இடித்துப் பல காலம் என்று பெரியவர் சொன்னார். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் ஒரு வரிசை.

அதாவது, துரையின் புல்தரைக்காக வெட்டிய மண்ணைக் கீழே கொட்டி, கொட்டிய மண்ணின்மேல் வெட்டியவர்களைக் குடிவைத்திருக்கிறார்கள். மாணவி ஒன்றும் பேசவில்லை. நாங்களும்தான்.

மலைநாட்டில் கொட்டிய மண் என்றால் என்னவென்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை. மண்சரிவு ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கும். பெருமழை, பாறையின் தன்மை, சரிவின் கோணம் எல்லாம் சேர வேண்டும். ஆனால் இறுகாத நிரப்பு மண்ணும், தூர்ந்துபோய்த் தண்ணீரை மலைக்குள் இறக்கும் கானும் ஆபத்தைக் கூட்டும் என்பதை எந்தப் பொறியியலாளரும் சொல்வார். நம் பகுதியிலேயே ஓரிடத்தில் விளையாட்டு மைதானத்துக்காக நிலத்தை மட்டமாக்கினார்கள். யார், எங்கே என்பது வேண்டாம். 'பழைய காடாகிப்போன கான்தானே' என்று இரண்டு கான்களை மண் போட்டு மூடினார்கள். அடுத்த ஐப்பசி மழையில் கீழ் வீடுகளில் அடுப்புவரை சேறு. அந்தக் கான் எங்கிருந்து எங்கே போனது என்று காட்ட ஒருவரிடமும் வரைபடம் இருக்கவில்லை. கடைசியில் ஒரு கிழவி வந்து கைகாட்டிய இடத்தில் தோண்டித்தான் தண்ணீரை வடித்தார்கள்.

பழையதைப் பார்த்து வைப்பது பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொன்னோம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தில் ஒரு திகதி இருக்கிறது. 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள். அதற்கு முந்திய சின்னங்களைப் புராதனமானவை என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது. பிந்தியவற்றுக்கு அந்தத் தகுதி தானாக வராது. நூறு வருடத்துக்குக் குறையாத பழைமை இருந்தால் அமைச்சர் தனியாகக் கட்டளை பிறப்பித்துப் பாதுகாக்கலாம். யாராவது கேட்டால்தானே பிறப்பிப்பார்கள்.

அந்தப் புல்தரையை இந்தத் திகதியோடு வைத்துப் பாருங்கள். வயல் வரம்பும் மாட்டுத் தடமும் கோட்டுக்கு அந்தப் பக்கம். ஆனால் அங்கே தூபியோ கல்வெட்டோ இல்லாததால் யாரும் தேடி வருவதில்லை. கோப்பிக் களம், கான், லயத்துத் தட்டை, கொட்டிய மண் எல்லாம் இந்தப் பக்கம். மலையகத் தமிழரின் முழு வரலாறும் 1815க்குப் பிந்தியது. அவர்கள் மன்னாரில் இறங்கி நடந்து வந்த பாதை, வெட்டிய கான், இருந்த லயம், புதைத்த இடம் ஒன்றுமே அந்தத் திகதிக்குள் வராது. 2023இல் மலையகம் 200 என்று ஊர்வலம் போனோம், பேசினோம், நல்லதுதான். அந்த 200 வருடத்தில் அவர்கள் மண்ணில் எழுதியது எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல்கூட நம் கையில் இல்லை.

பங்களாக்கள் ஒவ்வொன்றாக விடுதிகளாகின்றன. அதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை, நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். நாங்கள் போன பங்களாவிலும் அந்தப் பேச்சு இருக்கிறது. வாகனம் நிறுத்தப் புல்தரையின் கீழ்ப்பக்கத்தை விரிக்க வேண்டிவரும் என்று துரையே சொன்னார். ஜேசிபி வந்தால் அந்த மூன்று வரம்புக்கும் பள்ளத்துக்கும் ஒரு காலைப்பொழுது போதும். அதற்கு முன் அளந்து வரைந்து வைக்கலாமா என்று கேட்டோம். "தாராளமாக, ஆனால் தோண்ட வேண்டாம்" என்றார். தோண்டவும் மாட்டோம். உத்தரவுப் பத்திரம் இல்லாமல் தொல்பொருளுக்காகத் தோண்டுவது குற்றம், அதைப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகவே சொல்லியிருக்கிறோம். நாங்கள் கொண்டுபோவது அளவு நாடா, கயிறு, நீர்மட்டம், கொப்பி, பென்சில், அவ்வளவுதான்.

பிள்ளைகள் வரைந்த முதல் வரைபடம் வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. வயல் பச்சை, மாட்டுத் தடம் சிவப்பு, கான் நீலம், லயம் கறுப்பு. புல்தரைக்கு நிறம் கொடுக்காமல் வெள்ளையாகவே விட்டிருக்கிறார்கள். நாங்கள் சொல்லவில்லை, அவர்களாகச் செய்தது.

இப்போது உங்களிடம் ஒரு வேலை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தோட்டத்து இடப்பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். மலை நம்பர் அல்ல, வாய்ப்பெயர். கோப்பிக் களம், மாட்டடி, பழைய லயத்து மேடு என்ற மாதிரிப் பெயர்கள் எங்கே வழங்கின, இன்று அங்கே என்ன இருக்கிறது என்று. பழைய படம் இருந்தால், கலியாணப் படமானாலும் பரவாயில்லை, பின்னால் தெரியும் மலைதான் எங்களுக்கு வேண்டும். சிங்கள நண்பர்களின் வீடுகளில் வயலைப் பற்றிய கதை இருந்தால் அதையும் கேளுங்கள். வரம்பின் சொந்தக்காரர்கள் அவர்கள்தான்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு மறுபடி போகிறோம். அந்தப் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வர விரும்புகிறவர்கள் பாடசாலை வாசலில் நில்லுங்கள். பள்ளத்துக்குள் இறங்க வேண்டும், அங்கே நிழலில் அட்டை இருக்கிறது. ஆளுக்கொரு பொட்டலம் உப்பு கொண்டு வாருங்கள்.